நோயாளியின் பெயர்: மஞ்சள்

"எடை எவ்வளவு?" என்று கேட்டான் ஹஃபிஸ்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் எந்திரத்தின் படுக்கையில், தலையணைமேல் ஒரு பச்சை மஞ்சள் கிழங்கு படுத்திருந்தது. அன்று காலை தேக்கா சந்தையில் வாங்கியது. கழுவியும் மண் வாசனை போகவில்லை.

"கிழங்குக்கு எதுக்கு எடை? சும்மா ஆரம்பி," என்றேன்.

"மெஷின் விடாது டாக்டர். பேர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எடை, எல்லாம் போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்."

ஹஃபிஸ் எங்கள் ஆய்வுக்கூடத்தின் ரேடியோகிராஃபர். எந்திரத்தை ஓட்டுவது அவன் வேலை. அவன் பேசுவது ஆங்கிலமும் மலாயும். எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன், படிக்கிறவர்களுக்கு அது போதும்.

பெயர் என்ற இடத்தில் 'குன்யிட்' என்று மஞ்சளின் மலாய்ப் பெயரைத் தட்டினான். பிறந்த தேதிக்கு அன்றைய தேதியைப் போட்டான். ஆணா பெண்ணா என்ற இடத்தில் விரல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்குறே? எனக்கு மட்டும் தெரியுமா?"

"பொண்ணுன்னு போடு தம்பி," என்று பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சரோஜா அக்கா மலாயில் சொன்னார். "மஞ்சளுக்கு வேற என்ன போடுவே."

எடையை முதலில் உண்மையாகப் போட்டான். அவ்வளவு எடையில் மனிதர் இருக்க முடியாது என்று எந்திரம் மறுத்தது. பிறந்த குழந்தையின் எடையைப் போட்ட பிறகு ஒத்துக்கொண்டது.

சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு டாக்டர் ஓங் நின்றிருந்தார். ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் இருக்கிறதா என்று சொல்லும் மருத்துவர். "நேரத்தை வீணாக்குகிறோம்," என்றார்.

"யாரால?" என்றேன்.

அந்தக் கிழங்கு அந்தப் படுக்கைக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நான் அந்த டாக்டர் இல்லை

இந்தப் பத்திரிகையில் போன வாரம் நான் எழுதிய பகுதியைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர், விஞ்ஞானி கொஞ்சம் இனிமையாக எழுதக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். இனிப்பு வேண்டுமென்றால் சிராங்கூன் ரோட்டில் கடை கடையாக இருக்கிறது. அங்கே போகலாம்.

இன்னொருவர் கால் வீக்கத்துக்கு மருந்து கேட்டிருக்கிறார். ஐயா, நான் அந்த டாக்டர் இல்லை. மூளையைக் காந்தத்தால் படம் எடுத்து ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். எனக்கு ஊசி போடத் தெரியாது. காய்ச்சலுக்கு நானே பக்கத்து கிளினிக்கில் வரிசையில் உட்காருகிறேன்.

இதை என் அடுக்குமாடி புளோக்கில் யாரும் நம்புவதில்லை. மின்தூக்கியில் ஏறினால் நாக்கை நீட்டுகிறார்கள். ஆறாவது மாடிக்காரர் சட்டையைத் தூக்கி முதுகில் இருக்கும் தேமலைக் காட்டினார். என் மாடி வருவதற்குள் இறங்கிப் படியேறிவிட்டேன்.

மூளை ஆராய்ச்சி என்று தெரிந்துவிட்டால் இன்னும் மோசம். ஒருவர் தன் தம்பியை மெஷினுக்குள் படுக்க வைத்து, வீட்டை விற்ற விஷயத்தில் பொய் சொன்னானா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது. முடிந்தாலும் அவர் தம்பிக்குச் செய்யமாட்டேன்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். பெரிய குழாய் மாதிரி ஒரு காந்தம். அதற்குள் ஆளைப் படுக்க வைக்கிறோம். உடம்பில் உள்ள தண்ணீரிலிருந்து ஒரு சமிக்ஞை கிளம்பும், அதை வைத்துப் படம் வரும். தண்ணீர் இருக்கும் இடம் படத்தில் தெரியும். காய்ந்துபோன பொருள் தெரியாது. அந்தக் குழாய் இடி இடிக்கிற மாதிரி சத்தம் போடும், அதனால் காதில் அடைப்பு வைப்போம். முடிந்தது. இதற்கு நான் பத்துப் பதினைந்து வருடம் படித்தேன்.

அந்தச் சமயத்தில் என் ஆய்வு, நம் ஆட்கள் பேசும் பேச்சைப் பற்றியது. "லிஃப்ட் பிரேக்டவுன் ஆயிடுச்சு, ஸோ ஸ்டெர்ஸ்ல ஏறி வந்தேன்லா" என்று ஒருவர் சொல்கிறார். அடுத்தவருக்கு அது ஒரு சிக்கலும் இல்லாமல் புரிகிறது. அந்த நேரத்தில் கேட்கிறவரின் மூளை எப்படித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் தாவுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு வயதான தமிழர்கள் நிறையப் பேர் வேண்டும்.

பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்றில் ஒருத்தர் "ஏன் தமிழ்?" என்று கேட்டார். ஆங்கிலத்தை வைத்து ஆராய்ச்சி செய்கிற யாரிடமும் ஏன் ஆங்கிலம் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கூட்டங்களுக்கு என்னை அழைப்பது குறைந்துவிட்டது. எனக்கும் வேலை பார்க்க நேரம் கிடைத்தது.

ஊக்கு

அந்தக் காந்தம் அணைவதே இல்லை. ராத்திரி, பகல், பொது விடுமுறை, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இரும்பு பக்கத்தில் போனால் பறந்துபோய் ஒட்டிக்கொள்ளும். அதனால் உள்ளே போகிறவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியல் வாசிப்போம். வெளிநாட்டிலிருந்து வந்த பட்டியல். உடம்பில் துப்பாக்கிக் குண்டு இருக்கிறதா, வெடிகுண்டுச் சிதறல் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும்.

என் ஆய்வுக்கு வரும் தேக்கா அக்காக்களின் உடம்பில் துப்பாக்கிக் குண்டு கிடையாது. ஊக்கு இருக்கிறது.

தாலிச் சங்கிலியில் ஒரு கொத்து. வளையலில் ஒன்று, அவசரத்துக்கு. புடவை மடிப்பில் ஒன்று, அது இருப்பது கட்டியவருக்கே மறந்துபோயிருக்கும்.

"ஏதாவது மெட்டல் இருக்கா ஆன்ட்டி?"

"இல்லவே இல்ல."

ஹஃபிஸ் கையில் இருக்கும் சோதனைக் கருவியை நீட்டுவான். அது பிள்ளை மாதிரி கத்தும்.

"ஆன்ட்டி, இது என்ன?"

"இது ஊக்குலா. ஊக்கெல்லாம் மெட்டல்ல சேர்த்தியா?"

ஒரு முறை ஒரு ஊக்கு தப்பித்துவிட்டது. யாருடைய முந்தானையிலிருந்தோ கிளம்பி, காற்றில் போய், குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹஃபிஸ் உள்ளே தவழ்ந்துபோய் நகத்தால் சுரண்டி எடுத்து வந்தான். அந்த அம்மாள் கையை நீட்டி, "தா, நல்ல ஊக்கு," என்று வாங்கிக்கொண்டார்.

தாலி அடுத்த தலைவலி. தங்கம் பறக்காதுதான், ஆனால் உலோகம் எதுவும் வேண்டாம் என்பது எங்கள் கூடத்தின் விதி. கழற்றச் சொன்னால் சிலர் அழுவார்கள். ஒருவர் கணவரை வீடியோவில் கூப்பிட்டு அனுமதி கேட்டார். கணவர் காப்பிக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். கடையே சேர்ந்து யோசித்து, கழற்றலாம் என்று முடிவு சொன்னது. இதில் என் சொந்தக் கருத்தை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். அதனால் மேலே போகிறேன்.

சரோஜா அக்கா

சரோஜா அக்காவுக்குத் தேக்கா சந்தையின் மாடியில் தையல் கடை. வீடு மார்சிலிங்கில். என் ஆய்வுக்கு வந்த அக்காக்களில் பெரும்பாலானோரைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். பிடிக்கும் முறை மிரட்டல்.

"டாக்டருக்குத் தலையைக் காட்டிட்டு வா. பிறகு பிளவுஸ் தர்றேன்."

"தீபாவளிக்குக் கட்டணும்க்கா."

"அப்ப சீக்கிரம் போய் காட்டு."

இப்படித்தான் என் விஞ்ஞானம் நடந்தது. பல்கலைக்கழகம் ஒட்டிய வண்ணச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு ஒருவர்கூட வரவில்லை.

கடைசியில் அவர் முறை வந்தது. முதல் நாளே போனில் சொன்னேன். "அக்கா, உலோகம் எதுவும் வேணாம். ஒரு ஊக்குகூட."

"எனக்குத் தெரியாதா? நான்தானே எல்லாருக்கும் சொல்லி அனுப்புறேன்."

மறுநாள் கணவர் மாணிக்கத்தோடு வந்தார். மாணிக்கம் அண்ணன் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அக்கா கழற்றிக் கொடுத்த தாலிச் சங்கிலியைக் கைக்குள் மூடிக்கொண்டு வெளியே உட்கார்ந்தார். டீ கொடுத்தோம். வேண்டாம் என்றார். கையைத் திறக்க வேண்டியிருக்குமே.

சோதனைக் கருவியை ஹஃபிஸ் தலையிலிருந்து கால்வரை ஓட்டினான். சத்தமே இல்லை. தேக்காவிலிருந்து வந்த ஒருவரும் அதுவரை முதல் தடவையில் தேறியதில்லை. ஹஃபிஸ் கைதட்டினான். நானும் தட்டினேன். அக்கா பரிசு வாங்கியவர் மாதிரி தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

அவர் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. அதை ஹஃபிஸ் பார்த்தான். கயிறு வெறும் நூல், அதற்குத் தடை இல்லை. நாங்கள் கொடுத்த அங்கிக்குள் அந்தக் கயிற்றின் நுனியில் என்ன தொங்கியது என்று அவன் பார்க்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

நம் வீடுகளில் தாலிச் சங்கிலி பழுதுபார்க்கப் போனால் வெறுங்கழுத்தோடு இருக்கமாட்டார்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். இது எனக்கும் தெரியும். ஆனால் ஸ்கேன் அறைக்குள் அது ஞாபகத்துக்கு வர நான் கல்யாணம் செய்திருக்க வேண்டும்.

கழுத்தோரம் ஒரு விரல்

எந்த ஸ்கேனிலும் முதலில், தலை நேராக இருக்கிறதா என்று பார்க்க வேகமாக ஒரு படம் எடுப்போம். மங்கலான படம். தலையோடு கழுத்தும் கொஞ்சம் விழும். படத்தின் ஓரத்தில் தோல் எங்கே முடிகிறது என்றுகூடத் தெளிவாகத் தெரியாது.

அக்காவின் கழுத்தோரத்தில் வெள்ளையாக ஒரு விரல் தெரிந்தது. பக்கவாட்டில் அதிலிருந்து குட்டி விரல் ஒன்று முளைத்திருந்தது.

"என்ன டாக்டர் இது?" என்றான் ஹஃபிஸ்.

"எனக்குத் தாடைக்கு மேலதான் தெரியும்," என்றேன். அது உண்மை.

விதி என்னவென்றால், விநோதமாக எதைக் கண்டாலும் மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினேன். டாக்டர் ஓங் பார்த்தார். கழுத்தில் கிளைவிட்ட ஒரு வளர்ச்சி இருக்கிறது, நிபுணரிடம் காட்ட வேண்டும் என்று எழுதினார். ஆளைப் பார்த்தாரா? இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. அவர் அலுவலகத்திலிருந்து ஒரு மருத்துவத் தாதி நேராக அக்காவின் கடைக்கு போன் செய்து சொல்லிவிட்டார்.

அக்கா அப்போது யாருக்கோ கை வெட்டிக்கொண்டிருந்தார். பிளவுஸின் கை. வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் கத்தரிக்கோல் நேராக முதுகுப் பக்கம் போய்விட்டது. அந்த பிளவுஸுக்கு இரண்டு முதுகுத் துண்டும் ஒரு கையும்தான் மிஞ்சின.

எனக்கு வந்த கோபத்தில் டாக்டர் ஓங்கின் அறைக்குப் போனேன். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து கூடத்திலேயே கத்தினேன். கேட்டவன் ஹஃபிஸ் மட்டும்தான்.

நிபுணரைப் பார்க்கக் கிடைத்தது அடுத்த மாதத் தேதி. அதுவரை என் ஆய்வில் யாரையும் ஸ்கேன் செய்யக் கூடாது என்றும் உத்தரவு வந்தது.

அது வராவிட்டாலும் யாரும் வந்திருக்கமாட்டார்கள். அந்த மெஷினுக்குள் போனால் கழுத்தில் கட்டி வரும் என்று தேக்காவில் பேச்சாகிவிட்டது. முன்பே ஸ்கேன் முடித்த ஒரு அம்மாள், நாங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த அவருடைய மூளைப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"இதை நீங்களே வெச்சுக்குங்க. நான் வந்ததா இருக்க வேணாம்."

"அம்மா, இது உங்க மூளை."

"பரவால்ல."

புடவைகள்

ஆய்வு போனால் போகட்டும், வேறு ஆய்வு எழுதிக்கொள்ளலாம். எனக்குத் தூக்கம் போனது சரோஜா அக்காவால். சாகப் போகிறோம் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். மாணிக்கம் அண்ணன் தினமும் எனக்கு போன் செய்தார்.

"டாக்டர், டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். தடவிப் பாத்துட்டேன். ஒண்ணும் கையில படல."

"நல்லதுதானே அண்ணே."

"உள்ள இருக்குமாம்லா. அவ சொல்றா. பிரஷர் குக்கரை எதிர்வீட்டுக்குக் குடுத்துட்டா."

ஒரு நாள் அக்காவே பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். மேசையில் இருந்த என் காகிதங்களை ஒதுக்கிவிட்டு ஒரு பட்டுப்புடவையை எடுத்து வைத்தார்.

"இது உங்களுக்கு."

"எதுக்குக்கா?"

"நான் இனிமே எங்க கட்டப் போறேன். உங்களைத்தான் பாக்குறேனே, எப்பப் பாத்தாலும் ஒரே பேண்ட்டு. ஒருத்தியாவது நல்லதாக் கட்டட்டும்."

திட்டலாம் என்று நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். முகம் முழுக்க மஞ்சள்.

"அக்கா, முகம் ஏன் இப்படி இருக்கு? மஞ்சக்காமாலையா? கண்ணைக் காட்டுங்க."

"சே. பூசியிருக்கேன். அன்னைக்குக் கழுத்துல கட்டியிருந்த மஞ்சள், அதைத் தூக்கிப் போட மனசு வரல. தினம் உரசிக் கொஞ்சம் பூசுறேன்."

"கழுத்துல எப்பக் கட்டினீங்க?"

"இங்க வந்தப்பதான். வெறுங்கழுத்தோட எப்படிப் படுக்குறது?"

"மெஷினுக்குள்ளயா? மஞ்சளோடயா?"

"மெட்டல் வேணாம்னுதானே சொன்னீங்க. மஞ்சள் மெட்டலா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்தேன். படத்தைத் திறந்தேன். கழுத்தோரத்து வெள்ளை விரல், அதில் முளைத்த குட்டி விரல். மஞ்சள் கிழங்கு எப்படி இருக்கும் என்று தெரிந்த எந்தத் தமிழச்சிக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. படுத்ததும் கிழங்கு நெஞ்சிலிருந்து சரிந்து கழுத்தோரத்துக்கு வந்திருக்கிறது. ஒரு வாரமாக அந்தப் படத்தை நாங்கள் மூன்று பேர் பார்த்திருக்கிறோம், மூன்று பேரும் படித்தவர்கள்.

"மிச்சம் எங்கக்கா? அந்தக் கிழங்கு?"

அக்கா தன் கன்னத்தைக் காட்டினார். "இதான் கடைசி."

டாக்டர் ஓங் ஒத்துக்கொள்ளவில்லை

அவர் அறைக்குப் போய்த் தாலி, மஞ்சள், கயிறு என்று முழுவதையும் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"கட்டி இல்லை, காய்கறி என்று என்னை அறிக்கை எழுதச் சொல்கிறீர்களா?"

"காய்கறி இல்லை, கிழங்கு."

"மஞ்சள் காய்ந்த பொருள். என் வீட்டில் தூளாக இருக்கிறது. அதில் தண்ணீர் இல்லை. படத்தில் வராது."

அந்த ஒன்றில் மட்டும் அவர் சொன்னது சரி. தாலிக்குப் பதில் கட்டுவது காய்ந்த மஞ்சள்தான். அக்காவைக் கேட்டேன். அக்கா தயங்கினார்.

"நான் காஞ்சதுதான் கேட்டேன். இவரு காய்கறிக் கடையில பச்சையா இருக்கிறதை வாங்கிட்டு வந்துட்டாரு. மறுபடி போக நேரம் இல்ல. அதையே கட்டிக்கிட்டேன்."

பச்சை மஞ்சள் முழுக்கத் தண்ணீர். படத்தில் விளக்கு மாதிரி எரியும். இதையும் டாக்டர் ஓங்கிடம் சொன்னேன். நிரூபிக்கச் சொன்னார். மறுநாள் காலை தேக்காவுக்குப் போய், அதே கடையில், அதே மாதிரி கிளைவிட்ட கிழங்காகப் பார்த்து அக்காவே பொறுக்கினார். அதோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தோம். எந்திரம் எடை கேட்டது.

எடையைக் கொடுத்த பிறகும் சிக்கல். தலை முன்னால் போகிறதா, கால் முன்னால் போகிறதா என்று கேட்டது. கிழங்கில் தலை எது என்று ஹஃபிஸுக்கும் டாக்டர் ஓங்குக்கும் வாக்குவாதம். பருத்த பக்கம்தான் தலை என்று டாக்டர் ஓங் தீர்ப்புச் சொன்னார். இவ்வளவு சின்னப் பொருளைத் தனியாகப் படுக்க வைத்தால் எந்திரம் தடுமாறும் என்பதால், பக்கத்தில் துணைக்கு ஒரு தண்ணீர் பாட்டிலையும் படுக்க வைத்தோம்.

படம் வந்தது. வெள்ளை வெளேரென்று, குட்டி விரலோடு.

"அழகா இருக்கு," என்றான் ஹஃபிஸ்.

"பாத்தியா, பொண்ணுதான்," என்றார் அக்கா.

டாக்டர் ஓங் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மஞ்சள் படத்தில் வரும் என்பது தெரிகிறது. அந்தப் படத்தில் இருப்பது மஞ்சள் என்பது தெரியவில்லை. கழுத்தில் கட்டியபடி பார்த்தால்தான் ஒப்பிட முடியும்."

அக்காவை மறுபடி உள்ளே அனுப்பினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஆய்வை நிறுத்தி வைத்திருக்கிறார்களே, வெளியாட்கள் யாரும் படுக்கக் கூடாது. ஊழியர்கள் மட்டும் சோதனைக்காகப் படுக்கலாம்.

"கயிற்றைக் குடுங்க, நான் போறேன்," என்றேன்.

அக்கா கயிற்றைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "கல்யாணம் ஆகாதவங்க கட்டக் கூடாது."

"அக்கா, எனக்குத் தலை நரைச்சாச்சு."

"நரைச்சா என்ன? இன்னும் வரலாம்லா யாராவது."

இதற்கு நான் சொன்ன பதில் இந்தப் பத்திரிகையில் வராது. எப்படியும் நான் படுத்திருக்க முடியாது. ஆள் உள்ளே இருக்கும்போது பயிற்சி பெற்ற இருவர் வெளியே இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்தப் பயிற்சி உள்ளவர்கள் ஹஃபிஸும் நானும் மட்டும்தான். மிச்சம் இருந்த ஊழியர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

மூவரும் அவரைப் பார்த்தோம்.

"நானா?" என்றார் டாக்டர் ஓங்.

"எழுதினது நீங்கதானே," என்றேன்.

கைக்கடிகாரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். அங்கியை மாட்டிக்கொண்டு வந்தபோது, கோட்டும் கழுத்துப்பட்டையும் இல்லாமல், முடிவெட்ட உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார். ஹஃபிஸ் அவருக்குப் பின்னால் நின்று மஞ்சள் கயிற்றை முடிந்தான். ஒரு முடிச்சு. இரண்டு முடிச்சு.

"போதும், நிறுத்து," என்று அக்கா அவசரமாக எழுந்தார்.

"இறுக்கமா இருக்க வேணாமா ஆன்ட்டி?"

"மூணாவது முடிச்சு போட்டேன்னா ஆயுசுக்கும் நீதான் இவருக்குச் சோறு போடணும்."

ஹஃபிஸ் கயிற்றை விட்டுவிட்டுத் தள்ளி நின்றான். என்ன சொன்னார் என்று டாக்டர் ஓங் கேட்டார். பாதுகாப்பு விதி என்றேன்.

படுக்கை உள்ளே போனது. எந்திரம் இடித்தது. அதே முதல் படம், அதே வேகம். திரையில் டாக்டர் ஓங்கின் தலையும் கழுத்தும் வந்தன. கழுத்தோரத்தில் வெள்ளையாக ஒரு விரல், அதில் ஒரு குட்டி விரல்.

அக்காவின் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

உள்ளே பேசும் பொத்தானை அழுத்தினேன். "டாக்டர் ஓங், உங்கள் கழுத்தில் கிளைவிட்ட ஒரு வளர்ச்சி இருக்கிறது. நிபுணரிடம் காட்ட வேண்டும். அடுத்த மாதம்தான் தேதி கிடைக்கும்."

"என்னை வெளியே எடுங்கள்," என்றார்.

ஒன்றும் இல்லை

கயிற்றோடும் கிழங்கோடும் வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் குனிந்து நின்றார். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு முறை தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, முன்பு கண்டது வெளிப்பொருள் ஒன்றின் தோற்றம் என்றும், உடலுக்குள் குறிப்பிடத்தக்க மாற்றம் இருப்பதற்கான சான்று தற்போதைக்கு இல்லை என்றும் ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னார்.

அக்காவின் முகம் வெளிறியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொல்றாரு? பரவிடுச்சா?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்றாரு," என்றேன்.

"இவ்ளோ நேரம் பேசினாரே."

"அவருக்கு அப்படித்தான் வரும். உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. ஒண்ணுமே இல்ல."

அக்கா டாக்டர் ஓங்கையே பார்த்தார். அவர் தலையாட்டினார். கழுத்தில் கிழங்கும் ஆடியது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையில் போனைத் தேடினார். மாணிக்கம் அண்ணன் கீழே வரவேற்பு இடத்தில் இருந்தார். மேலே வந்து கேட்கத் தைரியம் இல்லை என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா எதையோ மாற்றி அழுத்த, ஸ்பீக்கரில் மணி அடித்தது. அண்ணன் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்னங்க, ஒண்ணும் இல்லையாம்."

பதில் இல்லை.

"கேக்குதா? மஞ்சளாம் அது. நீங்க வாங்கிட்டு வந்த மஞ்சள்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காஞ்ச மஞ்சள்னு சொன்னேனா இல்லையா? பூஜை சாமான் கடைன்னு சொன்னேனா இல்லையா? ரெண்டு கடை தாண்டிப் போகக் கால் வலிக்குது. கண்ணுல பட்டதை எடுத்துக்கிட்டு வந்துடுறது. அன்னைக்கும் இப்படித்தான், கொத்தமல்லின்னு சொன்னா புதினா. ஊரையே தேக்காலேந்து ஜூரோங் வரைக்கும் ஓட்டிக் காட்டின மனுசனுக்கு ஒரு மஞ்சள் வாங்கத் தெரியல. குக்கரை எதிர்வீட்டுக்காரிகிட்ட நீங்கதான் போய் திருப்பிக் கேக்கணும், நான் கேக்க மாட்டேன். எட்டுப் புடவை குடுத்திருக்கேன், எட்டு வீட்டுக்கும் நீங்கதான் போகணும்."

கட்டி என்று பயந்திருந்த அந்த வாரம் முழுக்க, கணவர் எது கேட்டாலும் அக்கா மெல்லிய குரலில் "சரிங்க" என்று மட்டும்தான் சொன்னாராம். மாணிக்கம் அண்ணன் பிறகு சொன்னார்.

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழறீங்களா? எல்லாரும் பாப்பாங்க அங்க. என்னங்க? ஏதாவது பேசுங்க."

"எனக்குப் பேச ஒண்ணும் இல்ல சரோஜா," என்றார் அவர். "நீ திட்டு. நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."